எண்ணெயும் தண்ணீரும்: டீசல் வண்டி நமக்குச் சொல்லும் வரலாறு



எண்ணெயும் தண்ணீரும் போல என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். ஒட்டாத இருவரைப் பார்த்துச் சொல்லும் பேச்சு அது. இன்று நாம் அந்தப் பேச்சையே பிடித்துக்கொண்டு ஒரு வரலாற்றுக்குள் நுழையப் போகிறோம். அரசர்களின் வரலாறு அன்று. போர்களின் வரலாறும் அன்று. நம் தோட்டத்து லோரிக்கு அடியில், ஒரு சிறு கிண்ணத்தில் தேங்கிய தண்ணீரின் வரலாறு.

எங்கள் இளமைக் காலத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். தோட்டத்துப் பிள்ளைகளாகிய நாங்கள் இடைநிலைப் பள்ளிக்குத் தோட்டத்து லோரியில்தான் போய் வந்தோம். அடை மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், பாதி வழியில் லோரி இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது. அன்று எங்களுக்குத் தேர்வு. சிலர் அழத் தொடங்கிவிட்டோம். ஓட்டுநர் தாத்தா கோபப்படவில்லை. இருக்கைக்குப் பின்னாலிருந்து ஒரு காலிக் கண்ணாடிப் புட்டியை எடுத்தார். வண்டியின் அடியில் குனிந்து ஒரு திருகைத் தளர்த்தி, புட்டியில் கொஞ்சம் பிடித்து, எங்கள் முன் தூக்கிக் காட்டினார். மேலே பொன்னிறமாக டீசல்; கீழே தெளிந்த தண்ணீர்; நடுவில் கோடு கிழித்தாற் போல ஓர் எல்லை.

"பார்த்தீங்களாடா, இது குடிச்ச தண்ணிதான் நம்மள நிறுத்திருச்சு" என்றார்.

கால் மணி நேரத்தில் வண்டி மீண்டும் ஓடியது. தேர்வுக்கும் போய்ச் சேர்ந்தோம். அன்று எழுதிய தேர்வின் கேள்விகள் மறந்து போயின. அந்தப் புட்டி மறக்கவில்லை.

அந்தப் புட்டியில் இருந்த பாடம் எளியது. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. ஒரு லிட்டர் டீசலின் எடை ஏறத்தாழ 840 கிராம். ஆகவே கனத்த தண்ணீர் அடியில் இறங்கும். இலேசான டீசல் மேலே நிற்கும். உலகிலுள்ள டீசல் வண்டிகளில் தண்ணீரைப் பிரிக்கும் முறைகள் பெரும்பாலும் இந்த ஒரே உண்மையின் மேல்தான் நிற்கின்றன.

டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1858ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறந்தவர். அக்காலத்து நீராவி இயந்திரங்கள் எரித்த நிலக்கரியின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கைக்கூடச் சரியாகப் பயன்படுத்தவில்லை. மிச்சமெல்லாம் வெப்பமாகவும் புகையாகவும் வீணாயிற்று. காற்றை மிகக் கடுமையாக அழுத்தினால் அது சூடேறும். அந்தச் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். தனியே தீப்பொறி வேண்டியதில்லை என்று டீசல் எண்ணினார். பல ஆண்டு உழைப்புக்கும் ஆபத்தான வெடிப்புகளுக்கும் பிறகு, 1897ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் நகரத் தொழிற்சாலையில் அவருடைய இயந்திரம் வெற்றி கண்டது. எரிபொருளின் ஆற்றலில் 26 விழுக்காட்டை அது வேலையாக மாற்றியது. அக்காலத்தில் அது பெரும் சாதனை.

1900ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் டீசல் முறை இயந்திரம் ஒன்று கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது என்பதும் நாம் நினைவில் வைக்க வேண்டிய செய்தி. எண்ணெய் வித்துக்களால் இயந்திரம் ஓடும் என்ற அந்தக் கருத்து, நூறு ஆண்டுகள் கழித்து நம் செம்பனைக் காட்டுக்கே திரும்பி வரப்போகிறது. அதைப் பின்னர்ச் சொல்கிறோம்.

டீசல் 1913ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், இங்கிலாந்துக்குப் போகும் கப்பலிலிருந்து இரவோடு இரவாகக் காணாமற் போனார். அவர் விட்டுச் சென்ற இயந்திரமோ மிகப் பெரியது, மிகக் கனமானது. எரிபொருளை உள்ளே தெளிப்பதற்கே காற்றழுத்தும் பெரிய கருவி ஒன்று அதற்குத் தேவைப்பட்டது. கப்பலுக்கும் ஆலைக்கும் அது பொருந்தியது; சாலையில் ஓடும் வண்டிக்குப் பொருந்தவில்லை. 1920களில்தான் ஜெர்மானியத் தொழிற்சாலைகள் டீசல் லோரிகளைக் கட்டின. 1927ஆம் ஆண்டு ராபர்ட் பாஷ் நிறுவனம் ஸ்டட்கார்ட் நகரில் சிறிய எரிபொருள் பம்பைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. அந்தப் பம்புதான் டீசலைச் சாலைக்குக் கொண்டு வந்தது.

அதே பம்புதான் தண்ணீரைப் பகையாகவும் ஆக்கியது. எப்படி? பம்புக்குள் உலக்கை போல ஏறி இறங்கும் ஒரு சிறு தண்டு உண்டு. தண்டுக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இரண்டு மூன்று பங்குதான். நம் தலைமுடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அந்த இடுக்கிற்கு மசகு எண்ணெய் ஊற்ற முடியாது. பாய்ந்து போகும் டீசலே அதற்கு மசகு. டீசலின் இடத்தில் தண்ணீர் வந்தால் இரும்போடு இரும்பு உரசும். பிறகு துரு பிடிக்கும். இன்ஜெக்டரின் நுனி வரை போய்விட்ட தண்ணீர் அங்குள்ள சூட்டில் ஆவியாகி விரிந்து, நுனியையே உடைத்துவிடவும் கூடும். ஒரு கரண்டித் தண்ணீர் ஒரு குடும்பத்தின் பல மாதச் சம்பளத்தைத் தின்றுவிடும் என்பது இதனால்தான்.

இனி நம் மண்ணுக்கு வருவோம்.

கோலாலம்பூர் 1881ஆம் ஆண்டு தீயாலும் வெள்ளத்தாலும் பெரிதும் அழிந்தது. அத்தாப்புக் கூரைகளை விட்டுச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்று அரசு முடிவு செய்தபோது, செங்கல் அறுத்துச் சுட்ட இடந்தான் பிரிக்பீல்ட்ஸ். அந்தப் பெயரே செங்கற்சூளையைச் சொல்கிறது. 1886ஆம் ஆண்டு கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடா வரை ரயில் பாதை திறக்கப்பட்டது. பின்னர் அது கிள்ளானுக்கும், 1901ஆம் ஆண்டு திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்கும் நீண்டது. அந்தத் துறைமுகந்தான் இன்று நாம் சொல்லும் கிள்ளான் துறைமுகம். ரயில்வேயில் பணியாற்றிய தமிழர்களின் குடியிருப்பாகப் பிரிக்பீல்ட்ஸ் வளர்ந்தது. இலங்கையிலிருந்து வந்தவர்கள் எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் அமர்ந்தார்கள். தமிழகத்திலிருந்து வந்தவர்கள் தண்டவாளத்தைத் தாங்கினார்கள். செந்தூல் பட்டறையில் பலர் இரும்பு வேலை கற்றார்கள்.

அது நிலக்கரியும் விறகும் எரிந்த காலம். நம் சிலாங்கூரிலுள்ள பத்து ஆராங்கில் 1915 முதல் 1960 வரை நிலக்கரி வெட்டினார்கள். நீராவி இயந்திரத்துக்குத் தண்ணீர் உயிர். தண்ணீர் இல்லாவிட்டால் அது நகராது. 1957ஆம் ஆண்டு, நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டில், இங்கிலாந்திலிருந்து வந்த பெரிய டீசல் ரயில் இயந்திரங்கள் நம் முதன்மைப் பாதையில் ஓடத் தொடங்கின. 1970களின் தொடக்கத்தில் நீராவியின் காலம் முடிவுக்கு வந்தது. தண்ணீரை ஊற்றி ஊற்றி வண்டி ஓட்டிய கைகள், இனி தண்ணீரை ஒரு சொட்டும் விடாமல் வடிகட்டக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. தொழில் மாறும்போது தொழிலாளியின் அறிவும் தலைகீழாக மாற வேண்டியிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

தோட்டப்புறத்திலும் இதே மாற்றந்தான். பால் சுமந்த மாட்டு வண்டி போய் லோரி வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பட்டாளத்தார் விட்டுச் சென்ற லோரிகளும், பின்னர் பெட்போர்ட், லேலண்ட் போன்ற பிரிட்டிஷ் லோரிகளும், அதற்கும் பின்னர் ஈசுசு, ஹீனோ முதலிய ஜப்பானிய லோரிகளும் ஓடின. ஸ்டோரில் உருளைகளைச் சுழற்றவும், லயத்துக்கு விளக்குப் போடவும் டீசல் இயந்திரங்கள் வந்தன. மாலையில் அந்த இயந்திரத்தின் ஓசை கேட்டால் வீட்டில் விளக்கு எரியும். ஓசை நின்றால் இருள். எங்கள் தலைமுறையில் பலர் அந்த விளக்கின் கீழேதான் படித்தோம். இயந்திரத்தைக் கவனித்தவர் அன்று தண்ணீரை வடித்தாரா இல்லையா என்பதில் எங்கள் வீட்டுப் பாடமும் அடங்கியிருந்தது.

டீசலுக்குள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பலரும் உடனே எண்ணெய்க் கடைக்காரரைக் குறை சொல்வார்கள். உண்மையில் வழிகள் பல. நம் நாட்டுக் காற்று ஈரமானது. பாதி காலியான தொட்டியில் மீதிப் பாதியைக் காற்று நிரப்பும். இரவில் தொட்டி குளிரும்போது அந்தக் காற்றிலுள்ள ஈரம் சுவரில் வியர்த்துத் துளித்துளியாக இறங்கும். ஆகவேதான் பழைய ஓட்டுநர்கள் காலையில் அல்ல, மாலையில் வேலை முடிந்ததும் தொட்டியை நிரப்பினார்கள்.

பீப்பாய் இன்னொரு வழி. தோட்டங்களில் டீசலை 44 கேலன் பீப்பாய்களில் வைத்திருந்தார்கள். நிமிர்த்தி வைத்த பீப்பாயின் தலையில் மழைநீர் தேங்கும். பகல் வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறும். மழை பெய்து குளிர்ந்ததும் அது சுருங்கும். அப்போது மூடித் திருகின் இடுக்கு வழியே தேங்கிய நீரைப் பீப்பாய் உறிஞ்சிக்கொள்ளும். பீப்பாய் மூச்சு விடுகிறது என்றே சொல்லலாம். அதனால் பீப்பாயைப் படுக்க வைப்பார்கள். அல்லது கூரைக்குள் வைப்பார்கள். ஊற்றுவதற்கு முன் ஓர் இரவு அசையாமல் விட்டு, அடியிலுள்ள கொஞ்சத்தைத் தொடாமல் மேலுள்ளதை மட்டும் எடுப்பார்கள். மென்தோல் விரித்த புனலில் ஊற்றி வடிகட்டியவர்களும் உண்டு. அளவுக்கோலின் நுனியில் தண்ணீர் பட்டால் நிறம் மாறும் ஒரு பசையைத் தடவி, தொட்டியின் அடியைச் சோதித்தவர்களும் உண்டு.

இனி, வடிக்கும் முறையைச் சொல்வோம். பழைய லோரிகளில் தொட்டிக்கும் பம்புக்கும் இடையில், பில்டருக்கு முன்னால், தண்ணீரைப் பிரிக்கும் கிண்ணம் இருக்கும். சிலவற்றில் அது கண்ணாடியால் ஆனது. தண்ணீர் தேங்கியிருப்பதைக் கண்ணாலேயே காணலாம். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். இயந்திரம் ஆறியிருக்க வேண்டும். பக்கத்தில் சுருட்டோ தீயோ கூடாது. இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் அசைக்கும் முன் வடிப்பதே சிறந்தது. ஏனெனில் தண்ணீர் முழுவதும் அடியில் இறங்கியிருக்கும். கீழே ஒரு பாத்திரத்தை வைத்து, அடித்திருகைத் தளர்த்தினால் முதலில் தண்ணீர் வரும். பிறகு கலங்கல் வரும். கடைசியில் தெளிந்த டீசல் வரும். தெளிந்தது வந்தவுடன் மூட வேண்டும்.

அதோடு வேலை முடிவதில்லை. தண்ணீர் போன இடத்தில் காற்று புகுந்திருக்கும். காற்று அழுங்கும் தன்மையுடையது. அது குழாயில் இருந்தால் பம்பு வீணாக அடிக்கும், டீசல் போகாது. ஏர் பிடித்துவிட்டது என்று பட்டறையில் சொல்வது இதைத்தான். பில்டரின் மேல் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடிக்க வேண்டும். முதலில் நுரை வரும். குமிழி இல்லாமல் டீசல் வழியும் வரை அடித்து, வழியும்போதே திருகை மூட வேண்டும். எங்கள் ஓட்டுநர் தாத்தா அன்று செய்ததும் இதுவே.

வடித்த டீசலைக் கால்வாயில் ஊற்றக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். நம் கால்வாய் ஓடையில் சேரும். ஓடை கிள்ளான் ஆற்றில் சேரும்.

இந்த வரலாறு பழைய லோரிகளோடு முடிந்துவிட்டதா என்றால், இல்லை. செம்பனையைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னோம் அல்லவா? நம் நாட்டில் வணிக முறையில் முதலில் செம்பனை நட்டது 1917ஆம் ஆண்டு, சிலாங்கூரிலுள்ள தென்னமாரம் தோட்டத்தில். பால்மரம் குறையக் குறையச் செம்பனை பெருகியது. 1980களில் நம் நாட்டு ஆய்வாளர்கள் செம்பனை எண்ணெயிலிருந்து டீசல் செய்து சோதித்தார்கள். 2011ஆம் ஆண்டு முதல் 5 விழுக்காடு செம்பனை டீசல் கலந்த எரிபொருள் படிப்படியாக விற்பனைக்கு வந்தது. பிறகு அது 7 விழுக்காடாயிற்று. 2019ஆம் ஆண்டு போக்குவரத்துக்கு 10 விழுக்காடு வரை உயர்ந்தது. நம் அக்காள் தங்கைகள் பொறுக்கிய உதிரிப் பழமும், நம் அண்ணன் தம்பிகள் வெட்டித் தள்ளிய குலையும் நம் லோரித் தொட்டிக்குள்ளேயே வந்து சேர்ந்தன. கடலை எண்ணெயில் ஓடிய அந்தப் பாரிஸ் இயந்திரத்தின் கனவு இது.

ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற பழமொழி தாவர எண்ணெயிலிருந்து செய்த டீசலிடம் சற்றுத் தோற்றுப் போகிறது. மண்ணிலிருந்து எடுத்த டீசலைவிட, கலப்பில்லாத தாவர டீசல் பத்து மடங்குக்கும் மேலான ஈரத்தைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும். கரைந்த ஈரம் குளிர்ந்தால் பிரிந்து அடியில் இறங்கும். அந்த எல்லைக் கோட்டில், எண்ணெயைத் தின்று தண்ணீரைக் குடித்து வாழும் நுண்ணுயிர்களும் பூஞ்சைகளும் வளரும். பில்டரைத் திறந்தால் கறுத்த கஞ்சி போல வழுவழுவென்று ஒட்டியிருப்பது அவைதாம். ஆகவே, வடிப்பதன் தேவை குறையவில்லை, கூடியிருக்கிறது.

இயந்திரமும் மாறிவிட்டது. 1995ஆம் ஆண்டு ஜப்பானில், மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசலைப் பொதுக் குழாயில் தேக்கி, மின்னணுக் கட்டளைப்படி தெளிக்கும் முறை லோரிகளில் வந்தது. இன்று அதன் அழுத்தம் பழைய பம்புகளைவிடப் பன்மடங்கு. இவ்வகை வண்டிகளில், ஓடும்போது இன்ஜெக்டர் குழாயைத் தளர்த்திப் பார்ப்பதோ, கசிவைக் கையால் தடவுவதோ உயிருக்கே ஆபத்து. பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்பாவுக்குத் தெரிந்த வழியை மகன் அப்படியே செய்யக் கூடாத இடம் இது. தண்ணீர் நிறைந்தால் இப்போது ஓட்டுநருக்கு முன்னால் ஒரு விளக்கு எரியும். விளக்கு எரிந்தும் ஓட்டுகிறவர்தான் பெரும் செலவை விலைக்கு வாங்குகிறார். விளக்கு வந்துவிட்டதால் புட்டி தேவையில்லை என்று எண்ணிவிடவும் வேண்டாம். புட்டி காட்டும் அழுக்கை விளக்கு காட்டாது.

2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கிள்ளான் பள்ளத்தாக்கை மூழ்கடித்த வெள்ளத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கூரை வரை தண்ணீர் நின்றது. அந்த வெள்ளத்தில் நாடு முழுவதும் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கார்களும் லோரிகளும் நீருக்குள் கிடந்தன. மூழ்கிய வண்டியை, நீர் வடிந்ததும் பதற்றத்தில் சாவியைத் திருப்பி இயக்கினால், உள்ளே புகுந்த நீர் அழுங்காமல் இயந்திரத்தை முறித்துவிடும். தொட்டியிலுள்ள நீர் பம்பைக் கெடுத்துவிடும். இயக்காமல் இழுத்துச் சென்று, தொட்டியையும் குழாய்களையும் வடித்துக் கழுவி, பில்டரை மாற்றிய பிறகே இயக்க வேண்டும். இந்த ஒரு செய்தியை அறிந்திருப்பதும் அறியாதிருப்பதும், சொந்த லோரி ஒன்றை மட்டுமே நம்பி வாழும் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய வேறுபாடு!

தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறியபின், நம் மக்கள் கிள்ளானுக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் குடிபெயர்ந்தார்கள். கிள்ளான் துறைமுகத்தில் 1973ஆம் ஆண்டு கொள்கலன் முனையம் தொடங்கியது. கொள்கலன் இழுக்கும் லோரிகளின் சக்கரத்துக்குப் பின்னால் நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அமர்ந்தார்கள். பிரிக்பீல்ட்ஸில் ரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோத்த பழைய வளாகத்தின் இடத்தில், 2001ஆம் ஆண்டு முதல் கே.எல். சென்ட்ரல் நிலையம் நிற்கிறது. மின்சார ரயில்கள் அங்கே ஓசையின்றி வந்து போகின்றன. அந்த மண்ணில் நின்று டீசல் கையோடு வேலை செய்தவர்களின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை.

நாம் ஆசிரியர்கள். எங்கள் கவலையும் அதுதான். தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் எத்தனை பவுண்டு பால், எத்தனை டன் குலை என்று எழுதி வைத்தார்கள். அதை ஆலைக்குக் கொண்டு சேர்த்த லோரியின் கிண்ணத்தை விடியலில் யார் வடித்தார் என்று எழுதி வைக்கவில்லை. எழுதப்படாத அறிவு அந்த மனிதரோடு போய்விடுகிறது. படிக்கவில்லை என்று தம்மைத் தாமே தாழ்த்திக்கொண்ட அந்தப் பெரியவர்கள், பௌதிகத்தையும் வேதியியலையும் கையால் படித்தவர்கள் அல்லவா?

இன்று அந்த அறிவுக்குச் சான்றிதழ் பெறவும் வழி உண்டு. நம் நாட்டில் எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ், பயிற்சிக் கழகத்தில் படித்தவர்களுக்கு மட்டும் உரியது அன்று. பல ஆண்டு வேலையில் கற்றவர்களின் அனுபவத்தை ஆராய்ந்து வழங்கும் முறையும் அதில் இருக்கிறது. பட்டறையில் இருபது ஆண்டு உழைத்த அப்பாவுக்கும் அது கிடைக்கலாம்; பள்ளியை முடித்த மகனுக்கும், ஏன், மகளுக்கும் கிடைக்கலாம்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறோம். இந்த வார விடுமுறையில் ஒரு தெளிந்த கண்ணாடிப் புட்டியில் பாதி தண்ணீரும் பாதி சமையல் எண்ணெயும் ஊற்றி, மூடியைப் போட்டுக் குலுக்கி, பிள்ளைகளின் முன் வையுங்கள். முதலில் கலங்கும், பிறகு பிரியும். எது கீழே, எது மேலே, ஏன் என்று கேளுங்கள். பிறகு வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ லோரி ஓட்டிய ஒரு தாத்தா இருந்தால், அவரை அழைத்து நாற்காலி போட்டு உட்கார வைத்து, மீதிக் கதையை அவரிடமே கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அதுவும் நம் வரலாறுதான்.